சுறாவுக்குக் கொடுத்த குரல்

முட்டைக்கோஸை இரண்டு கையாலும் பிடித்து முறுக்கினால் கடல்சிங்கத்தின் முதுகெலும்பு ஒடியும். ஊறவைத்த தோல்பையைப் பிழிந்தால் சதை கிழியும். ஈர மெத்தையை முஷ்டியால் குத்தினால் சுறா வந்து படகில் மோதும். படத்துக்கு இந்தச் சத்தங்களையெல்லாம் செய்ய ஒரு ஆளைக் காற்றுகூடப் புகாத அறையில் உட்கார்த்தி வைத்திருக்கிறார்கள் என்று வெளியில் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். அந்த ஆளுக்கு ஸ்டூடியோவில் ‘உறுமல்’ என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பள நாளன்று மட்டும்தான் வெளியே வரும்.

அந்தப் பட்டம் சும்மா வரவில்லை. கடலுக்கு அடியில் எடுத்த படம் ஸ்டூடியோவுக்கு வரும்போது ஊமையாகத்தான் வரும். எஞ்சின் இரைச்சலும் மூச்சுக் குமிழியும் தவிர அதில் ஒன்றும் இருக்காது. சுறா வரும், சுற்றும், கடிக்கும், போய்விடும். உறுமாது. டைரக்டருக்கு இது தாங்க முடியாத மனக்குறை.

“இவ்ளோ பெரிய மீனு, வாயைத் திறந்தா சத்தமே இல்லன்னா யாருப்பா பயப்படுவா? எங்க வீட்டுப் பூனைகூடச் சீறுது” என்று அவர் பல நாள் புலம்பிக்கொண்டிருந்தார்.

உறுமல்தான் அந்தக் குறையைத் தீர்த்துவைத்தவன். ஒருமுறை குடும்பத்தோடு வெளியூர் போனபோது எல்லோரும் ஒரே அறையில் படுக்க வேண்டி வந்தது. அவனுடைய அக்காள் கணவர், அத்தான், குறட்டை விட்டார். சாதாரணக் குறட்டை இல்லை அது. அடிவயிற்றில் புறப்பட்டு, தொண்டையில் தடுக்கி, மூக்கில் முட்டி, ஜன்னல் கண்ணாடியை நடுங்கவைத்துவிட்டுத்தான் ஓயும். தூக்கம் போன கடுப்பில் உறுமல் பையிலிருந்த ரிக்கார்டரை எடுத்து அவர் மூக்குக்கு நேரே பிடித்தான். ஊர் திரும்பியதும் அதை மெதுவாக்கி, கனமாக்கி, சிமெண்ட் தரையில் ஈரத் தோல்பையை இழுக்கும் சத்தத்தோடு கலந்தான். அன்றைக்கு டைரக்டர் அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். பிறகு சுறா வாயைத் திறக்கும் இடமெல்லாம் அந்த உறுமல்தான். முதலைக்கும் அதே. ஒரு தடவை கூச்சமே இல்லாமல் ஆக்டோபஸுக்குக்கூட வைத்துவிட்டார்கள், பார்த்தவர்கள் யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

இந்த ரகசியம் தெரிந்தவள் அக்கா மட்டும். வீட்டில் டிவியில் அந்த உறுமல் வந்தால் போதும், அவள் தம்பியின் தொடையைக் கிள்ளிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்கு ஓடிவிடுவாள். அத்தானுக்கு ஒன்றும் தெரியாது. குறட்டை என்று யாராவது வாயெடுத்தால் “நானா? குறட்டையா?” என்று மார்பில் கை வைத்துக் கேட்கும் ரகம் அவர்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்தப் படங்களை எடுப்பவரே அத்தான்தான். இரும்புக் கூண்டில் கேமராவோடு கடலுக்குள் இறங்கும் வேலை அவருடையது. சுறா உறுமாது என்று அவருக்குத் தெரியாதா என்ன? தன் கண்முன்னால் ஊமையாக நீந்திப் போன மீன், ஸ்டூடியோவுக்குப் போய்விட்டு வந்து பேயாட்டம் ஆடுவதை அவர் டிவியில் பார்த்துத் தலையிலடித்துக்கொள்வார். மீன் தாடையைத் தளர்த்திக் கொட்டாவி மாதிரி ஒன்று விட்டிருக்கும். அதை மெதுவாக ஓட்டி ‘பசி வெறி’ என்பார்கள். இரை உதைத்துக் கண் போய்விடக் கூடாதே என்று அது கண்ணை உள்ளே உருட்டிக்கொள்ளும். பயத்தில் செய்கிற காரியம். அதைப் பெரிதாக்கி ‘இரக்கமற்ற பிணப் பார்வை’ என்பார்கள். திங்கட்கிழமை ஒரு சுறா, வியாழக்கிழமை வேறொரு சுறா, போன வருஷம் எடுத்தது இன்னொன்று. எல்லாவற்றையும் ஒட்டினால் ஒரே கொலைகாரன்.

“பச்சைப் பொய்யுன்னு தெரியுது, ஆனாலும் உன் உறுமல் வந்தா எனக்கே உடம்பு சிலிர்க்குது மச்சான். கில்லாடிடா நீ” என்பார் அத்தான். அவனுக்கு அப்போது உச்சி குளிர்ந்துபோகும். அந்தக் குளிர்ச்சியை இப்போது நினைத்தால் அவனுக்குக் குமட்டுகிறது.

குமட்டல் ஆரம்பித்தது ஆஸ்பத்திரியில். கூண்டின் ஜன்னல் வழியாகக் கேமராவை நீட்டியிருந்த அத்தானின் வலது கையைச் சுறா கடித்துவிட்டது. முழங்கைக்குக் கீழே ஒன்றும் மிஞ்சவில்லை. உறுமல் போனபோது அக்கா தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகுவதும் திறப்பதுமாக உட்கார்ந்திருந்தாள். அத்தான் மயக்க மருந்தின் மிச்சத்தோடு அவனைப் பார்த்தார்.

“உறுமிச்சு மச்சான்” என்றார்.

“என்ன அத்தான்?”

“இத்தன வருஷமா உறுமாதது அன்னிக்கு உறுமிச்சுடா. நான் கேட்டேன். உறுமிட்டுதான் கடிச்சது.” நாக்கை நனைத்துக்கொண்டு தொடர்ந்தார். “அந்தச் சத்தத்துல எனக்குக் கை கால் ஓடல. கயித்த இழுக்கவே மறந்துட்டேன்.”

கூண்டிலிருந்து படகுக்கு ஒரு கயிறு போகும். அதன் மேல் முனையில் பித்தளை மணி. உள்ளே இருப்பவர் இழுத்தால் மேலே மணி அடிக்கும், அடித்தால் கூண்டைத் தூக்க வேண்டும். அவ்வளவுதான் ஏற்பாடு. உறுமல் ஆஸ்பத்திரிக்குப் போனதற்கு முன்தினம் டைரக்டர் பழக்கூடையோடு வந்து, அத்தானின் நெற்றியைத் தடவிக்கொடுத்து, “ஒரு தடவ, ஒரே ஒரு தடவ இழுத்திருந்தீங்கன்னா நொடியில தூக்கியிருப்போமே தம்பி, ஏன் இழுக்காம விட்டீங்க?” என்று கண் கலங்கிவிட்டுப் போயிருக்கிறார். அத்தான் அதை அப்படியே வாங்கி நெஞ்சில் போட்டுக்கொண்டார். கை போனது தன் தப்பு, தன் கோழைத்தனம் என்று முடிவு கட்டிவிட்டார்.

அக்காவும் தம்பியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். உறுமியது என்றதுமே இருவருக்கும் ஒரே நினைப்பு. இந்தத் தடவை அவள் வாயைப் பொத்திக்கொண்டு ஓடவில்லை.

காயம் கொஞ்சம் ஆறி அத்தான் வீட்டுக்கு வந்த பிறகு, அந்த நாளில் எடுத்த படம் ஸ்டூடியோவுக்கு வந்தது. டைரக்டர் கதவைச் சாத்தச் சொன்னார். அறையில் அவர், எடிட்டர் அம்மா, உறுமல் என்று மூன்றே பேர். டைரக்டர் கையில் ஒரு பாக்கெட் உருளைக்கிழங்கு வறுவல் இருந்தது.

“சொந்தக்காரர் விஷயம். உனக்குக் கஷ்டமாத்தான் இருக்கும். ஆனா இத உன்னவிட மரியாதையா வேற யாரு செய்வா, சொல்லு?” என்றார். ஒரு வறுவலை வாயில் போட்டுக்கொண்டு, “ஓட்டும்மா” என்றார்.

எடிட்டர் அம்மா பொத்தானை அழுத்திவிட்டு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். அவள் ஏற்கெனவே கேட்டிருக்கிறாள் என்பது அந்தத் திரும்பலிலேயே தெரிந்தது.

படத்தில் பச்சைத் தண்ணீர். சத்தம் மட்டும் படகின் மேலிருந்த மைக்கில் பதிவானது. அதில் டைரக்டரின் குரல் கணீரென்று கேட்டது.

“இன்னொரு துண்டு எடு. தண்ணியில போடாத, கூண்டு மேலயே கட்டு. ஜன்னல் பக்கம்.”

மணி அடித்தது.

“சார், மணி அடிக்குது” என்றது யாருடைய குரலோ.

“கேக்குது, கேக்குது. இரு. வாய் இன்னும் வரல.”

மறுபடி மணி.

“சார், தூக்கச் சொல்றாரு.”

“தூக்கினா ஷாட் போச்சு. நான் சொல்லாம எவனும் கை வைக்கக் கூடாது.”

மூன்றாவது தடவை மணி அடித்தது. விட்டு விட்டு இல்லை, இழுத்தவர் கயிற்றை விடவே இல்லை என்று தெரியும்படி அடித்தது. அப்போது படத்தில் சுறா வந்தது. அவசரமில்லாமல் வந்தது. கூண்டில் கட்டியிருந்த இறைச்சித் துண்டுக்கு வாயைத் திறந்து, அதை ஒட்டி நீட்டியிருந்த கையையும் சேர்த்துக் கவ்வியது. கவ்வியது தப்பான பொருள் என்று அதற்கே தெரிந்த மாதிரி உதறிவிட்டு, இறைச்சியைக்கூட எடுக்காமல் திரும்பிப் போய்விட்டது. அவ்வளவுக்கும் அதனிடமிருந்து ஒரு முனகல் இல்லை. பிறகு படகில் எல்லோரும் அலறினார்கள். டைரக்டரின் அலறல்தான் எல்லாவற்றிலும் பெரிது.

கை போன மறுநாளே ‘கொலைகாரனை’ப் பிடிக்கப் போய், கண்ணில் பட்ட ஒரு சுறாவைத் தூண்டில் போட்டுக் கொன்று கரையில் தொங்கவிட்டிருந்தார்கள். அதுதான் இதுவா என்று கேட்பாரில்லை. அந்தக் காட்சியை அடுத்த பகுதிக்கு என்று தனியாக எடுத்து வைத்திருந்தார் டைரக்டர்.

“அலறல் இருக்கு பாரு, அது அசல்” என்றார் அவர், விரல்களை ஈரத்தாளில் துடைத்துக்கொண்டே. “நடிகன வெச்சுப் பண்ணினாலும் அப்படி வராது. அதனால இந்தச் சவுண்டு ட்ராக்கத் தூக்கிப் போட முடியாது. ஆனா அதுக்கு முன்னாடி மூணு எடத்துல மணி இருக்கு, நான் வேற ஏதோ பேசியிருக்கேன். வெட்டினா ஓட்ட தெரியும். அந்த மூணு எடத்துலயும் உன் உறுமல வை. மொத தடவ தூரத்துல, அப்புறம் கிட்டத்துல, மூணாவது காதுக்குள்ள. முடிஞ்சுது.”

“அவரு கயித்த இழுத்திருக்காரே சார்” என்றான் உறுமல்.

“இழுத்திருக்காரு. யாரு இல்லன்னா?”

“இழுக்கலன்னு அவருகிட்ட சொன்னீங்களே.”

“அட, அந்த நேரத்துல எனக்கு எங்க கேட்டுது? கேட்ட மாதிரி இருக்கும். மனசுல ஏறல. இப்ப அதத் தோண்டி அவருக்குக் கை முளைக்கவா போகுது? சும்மா ஒரு மீன் வந்து கடிச்சுட்டுப் போச்சுன்னா அவரு பட்ட கஷ்டத்துக்கே மரியாதை இல்ல. ஒரு ராட்சசனோட மோதினாருன்னு இருக்கட்டுமே. நாம அவருக்குச் செய்யிற கௌரவம் அது.” பாக்கெட்டின் அடியில் கிடந்த தூளை உள்ளங்கையில் கொட்டி நக்கினார். “சுறா வந்து கேஸா போடப் போகுது?”

உறுமல் எழுந்து கழிப்பறைக்குப் போய், காலையில் குடித்த டீயை வாந்தியெடுத்தான். கண்ணாடியில் பார்த்தபோது டைரக்டரின் மேல் வந்த அருவருப்பு அங்கேயே நிற்காமல் தன் பக்கமும் திரும்புவது தெரிந்தது. பொய்க்குத் தொண்டை செய்து கொடுத்தவன் அவன்தானே. திரும்பிப் போய், வேலைக்கு வேண்டும் என்று சொல்லி அந்தச் சத்தத்தை ஒரு பிரதி எடுத்துக்கொண்டான். எடிட்டர் அம்மா பிரதி போட்டுக் கொடுக்கும்போது அவன் முகத்தைப் பார்க்கவே இல்லை. கொடுத்துவிட்டு, “மணி நல்லா கேக்குற மாதிரி கொஞ்சம் தூக்கி விட்டிருக்கேன்” என்று மட்டும் மெல்லச் சொன்னாள்.

அக்கா வீட்டுக்கு அவன் போனபோது மத்தியானம். கூடத்தில் சாய்வு நாற்காலியில் அத்தான் தூங்கிக்கொண்டிருந்தார். கட்டுப் போட்ட கையின் அடியில் தலையணை. அக்கா பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து, அவர் தலையை மெல்ல இடது பக்கம் சாய்த்துவிட்டாள். வாய் திறந்தால் தாடையைத் தூக்கிவிட்டாள்.

“என்னக்கா பண்ற?”

“ஷ். குறட்ட வராம பாத்துக்கிறேன்.”

அவள் அவனோடு பேசத் திரும்பிய நேரத்தில் அது வந்துவிட்டது. அடிவயிற்றில் புறப்பட்டு, தொண்டையில் தடுக்கி, மூக்கில் முட்டியது. உச்சிக்குப் போனதுதான் தாமதம், அத்தான் துள்ளி எழுந்தார். “வந்துருச்சு! வந்துருச்சு!” இடது கை காற்றில் எதையோ தேடித் தேடிப் பிடித்து இழுத்தது. அங்கே ஒன்றுமில்லை. இல்லாத கயிற்றை அவர் இழுத்துக்கொண்டே இருந்தார், முகமெல்லாம் வேர்வை.

அக்கா அவரை அணைத்துப் பிடித்து, தண்ணீர் கொடுத்து, முகத்தைத் துடைத்து உட்காரவைத்தாள். பிறகு தம்பியைச் சமையலறைக்குத் தள்ளிக்கொண்டு போனாள்.

“ராத்திரி பகல் எல்லாம் இதே கூத்துதான். கண்ண மூடினா அஞ்சு நிமிஷம், குறட்ட வருது, அவரு குறட்டைக்கு அவரே பயந்து எந்திரிக்கிறாரு. டாக்டர் தூக்க மாத்திர கொடுத்தாரு. மாத்திர போட்டா குறட்ட இன்னும் பெருசா வருது.” அவள் கூடத்தை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். “அது உங்க சத்தம்தாங்கன்னு எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுச் சொல்லுவேன்? நாம சிரிச்ச சிரிப்பு கொஞ்சமாடா?”

கூடத்திலிருந்து அத்தான் கூப்பிட்டார். அவர் முகம் தெளிந்திருந்தது. நல்ல செய்தி சொல்கிறவர் மாதிரி பேசினார். “டைரக்டர் போன் பண்ணினாரு மச்சான். வெள்ளிக்கிழமை வீட்டுக்கே வந்து என்னைப் பேட்டி எடுக்கப் போறாங்களாம். ஒத்துக்கிட்டேன். நான் பயந்தேன், கயித்த இழுக்கல, அதான் கை போச்சுன்னு வெளிப்படையாச் சொல்லிடப் போறேன். நாளைக்கு இன்னொருத்தன் அந்தக் கூண்டுல இறங்குவான்ல. அவனாவது உஷாரா இருக்கட்டும்.”

இதைக் கேட்டதும் உறுமலுக்கு மிச்சமிருந்த தயக்கமும் போயிற்று. இன்னொருவனைக் காப்பாற்றப்போகிறோம் என்று நம்பிக்கொண்டு ஒரு நல்ல மனுஷன் ஊருக்கு முன்னால் தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளப் போகிறார். அதற்கு இவன் பின்னணிச் சத்தம் வேறு சேர்க்க வேண்டுமாம். அவன் ரிக்கார்டரை எடுத்து மேஜைமேல் வைத்தான்.

“அத்தான், அன்னிக்குப் படகுல பதிவான சத்தம் இது. யாரும் எதுவும் சேக்கல. கேக்குறீங்களா?”

அத்தான் தலையாட்டினார். ஓடியது. முதல் மணி அடித்தபோது அவருடைய இடது கை விரல்கள் நாற்காலியின் கைப்பிடியை இறுக்கின. இரண்டாவது மணிக்கு அக்கா தரையில் உட்கார்ந்துவிட்டாள். மூன்றாவது மணி ஓயாமல் அடித்தபோது அத்தானின் இடது தோள் கயிற்றை இழுப்பதுபோலத் தானாக ஒரு தடவை கீழே இழுத்துக்கொண்டது. அந்தத் தோளுக்கு ஞாபகம் இருந்திருக்கிறது, அவருக்குத்தான் இல்லை.

“இன்னொரு தடவ போடு” என்றார்.

போட்டான்.

“நான் இழுத்திருக்கேன்.”

“இழுத்திருக்கீங்க அத்தான். மூணு தடவ.”

“அவரு கேட்டிருக்காரு.”

“கேட்டிருக்காரு.”

அத்தான் ரிக்கார்டரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு நெற்றியைச் சுருக்கினார். “உறுமல் எங்க மச்சான்? உறுமலே இல்லையே இதுல.”

“சுறா உறுமாது. உங்களுக்குத் தெரியாததா?”

“கேட்டேன்டா. இந்தக் காதால கேட்டேன்.”

“நீங்க கேட்டது நான் பண்ணின சத்தம். வருஷக்கணக்கா டிவியில கேட்டுக் கேட்டு, அந்த மீன நினைச்சாலே கூடச் சேந்து வருது.”

“அவன் பண்ணினதுகூட இல்லீங்க” என்றாள் அக்கா தரையிலிருந்தே. அழுதுகொண்டே, ஆனால் நிறுத்தாமல் சொன்னாள். “அது உங்க குறட்ட. நீங்க தூங்கும்போது இவன் பதிவு பண்ணினான். எனக்கும் தெரியும். இத்தன நாளா உங்கள வெச்சு ரெண்டு பேரும் சிரிச்சுக்கிட்டிருந்தோம்.”

“நானா?” என்றார் அத்தான். வழக்கம்போல மார்பில் கை வைக்க வலது தோள் எழுந்தது, அதற்குமேல் ஒன்றும் எழவில்லை. “குறட்டையா?”

எந்த வீட்டிலும் சிரிப்பை வரவழைக்கும் கேள்விதான் அது. யாரும் சிரிக்கவில்லை. உறுமல் பழைய பதிவைத் தேடியெடுத்து, முதலில் குறட்டையை அப்படியே போட்டான். பிறகு மெதுவாக்கிப் போட்டான். பிறகு தோல்பையோடு கலந்து போட்டான். மூன்றாவதற்கு அத்தானின் கழுத்து மயிர் எழுந்து நின்றதை அவனால் பார்க்க முடிந்தது. மறுபடி முதலில் இருந்ததைப் போடச் சொன்னார் அத்தான். கொர்ரென்று ஓடிய தன் மூக்குச் சத்தத்தை, வாந்தியைப் பார்ப்பதுபோல முகத்தைச் சுளித்துக்கொண்டு கேட்டார்.

“சீ!” என்றார். “இதுக்கா பயந்தேன்? சீ!”

வெள்ளிக்கிழமை அவர்கள் வந்தார்கள். சோபாவை நகர்த்தினார்கள், திரைச்சீலையை இழுத்து மூடினார்கள், கடல் மாதிரி இருக்க வேண்டுமென்று விளக்குக்கு நீலக் காகிதம் ஒட்டினார்கள். ஒரு பெண் அத்தானின் கண்ணுக்குக் கீழே கறுப்பு மையைத் தொட்டுத் தேய்த்தாள், சோர்வு போதவில்லையாம். சட்டைக் கையை இன்னும் கொஞ்சம் மேலே மடித்துவிடலாமா என்று கேட்டார் டைரக்டர். காயத்தின் நுனி தெரிந்தால் பார்ப்பவர்களுக்கு மனசைத் தொடுமாம். அக்கா சமையலறை வாசலில் நின்று இந்த அலங்காரத்தையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். வாய்வரைக்கும் வந்ததை அவள் விழுங்கிக்கொண்டது அத்தான் கேட்டுக்கொண்டதால்தான்.

கடைசியாக டைரக்டர் ஒரு துணி மூட்டையைப் பிரித்தார். உள்ளே படகின் பித்தளை மணி. அதை அத்தானுக்கு முன்னாலிருந்த சின்ன மேஜைமேல் வைத்தார்.

“இது உங்க பக்கத்துலயே இருக்கட்டும். பேசிக்கிட்டே இருக்கும்போது ஒரு தடவ இதப் பாப்பீங்க. அடிச்சிருக்கலாமே, அடிக்காம விட்டுட்டோமேன்னு ஒரு பார்வ. அவ்ளோதான். அப்படியே கேமராவப் பாத்து, அது எப்படி உறுமிச்சுன்னு சொல்லுங்க.”

உறுமல் சுவரோரம் நின்றான். படத்தில் அந்த உறுமல் சத்தத்தை இன்னும் வைத்துக் கொடுக்கவில்லை அவன். ‘சரியா வரல, இன்னும் ரெண்டு நாள்’ என்று இழுத்தடித்திருந்தான்.

கேமரா ஓடத் தொடங்கியது. அத்தான் மணியைப் பார்த்தார். டைரக்டர் திருப்தியாகத் தலையாட்டினார். அத்தான் இடது கையால் மணியின் நாக்கைப் பிடித்து ஓங்கி அடித்தார். அந்தச் சின்னக் கூடத்தில் அது காதைப் பிளந்தது.

“அருமை” என்று கிசுகிசுத்தார் டைரக்டர்.

அத்தான் மறுபடி அடித்தார். கொஞ்சம் காத்திருந்தார். மூன்றாவதாக அடிக்க ஆரம்பித்தவர் நிறுத்தவில்லை. விளக்குப் பிடித்திருந்த ஆள் ஒரு கையால் காதைப் பொத்திக்கொண்டான். அக்கா பொத்தவில்லை.

“மூணு தடவ அடிச்சாச்சு” என்றார் அத்தான், டைரக்டரின் கண்ணைப் பார்த்து. “இன்னும் ஏன் தூக்கல?”

டைரக்டரின் வாய் கொஞ்சம் திறந்து, அப்படியே நின்றது. பிறகு, “கட்” என்றார்.

“கட் சொல்லாதீங்க சார்” என்றார் அத்தான். “வாய் இன்னும் வரல.”

டைரக்டர் மெல்லத் திரும்பிச் சுவரோரம் நின்றவனைப் பார்த்தார். உறுமல் கண்ணைத் தாழ்த்தவில்லை. ஐந்தே நிமிஷத்தில் விளக்கு, கம்பி, காகிதம் எல்லாவற்றையும் சுருட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அவசரத்தில் மணியை மறந்துவிட்டார்கள். சோபாவை யாரும் பழைய இடத்துக்கு நகர்த்தி வைக்கவில்லை.

உறுமலுக்கு அன்றோடு ஸ்டூடியோ முடிந்தது. அந்தப் பட்டமும் போனது, நல்லதாயிற்று. பதிவின் பிரதியைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டிய இடத்தில் மூவருமாகக் கொடுத்தார்கள். விசாரிக்கிறோம் என்றார்கள். விசாரணை நாற்காலியை விட்டு எழுந்திருப்பதற்குள் படம் டிவிக்கு வந்துவிட்டது.

பார்க்க வேண்டாம் என்று சொல்லிக்கொண்டேதான் அக்காவும் அவனும் அதன் முன் உட்கார்ந்தார்கள். சாயங்கால நேரம். அத்தான் சாய்வு நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்தார். இப்போதெல்லாம் அக்கா அவர் தாடையைத் தூக்கிவிடுவதில்லை. திரையில் தண்ணீர் கறுத்துக் கிடந்தது. ‘அந்தக் கொடூரத்துக்குப் பிறகு அவர் பேச்சையே இழந்துவிட்டார்’ என்று கனத்த குரலில் ஒருவர் படித்தார்.

“பேச்ச இழந்துட்டாராம்” என்றாள் அக்கா. “காறித் துப்பணும் போல இருக்குடா.”

முதல் உறுமல் வந்தது. தூரத்தில் கேட்பதுபோல வைத்திருந்தார்கள். அவன் செய்து கொடுக்கவில்லைதான், ஆனால் பழையது அவர்களிடம் இருந்ததே. என்றைக்கோ கொடுத்ததை இன்றைக்குத் திருப்பிக் கேட்க முடியுமா? அந்த இடம் அவனுக்கு மனப்பாடம். அந்த உறுமலுக்கு அடியில் ஒரு மணி இருக்கிறது, ‘தூக்கச் சொல்றாரு’ என்று கெஞ்சப்போகும் ஒரு மனுஷக் குரல் இருக்கிறது. எல்லாவற்றின் மேலும் அத்தானின் குறட்டையையே போட்டு மூடியிருந்தார்கள். அவர் அடித்த மணியை அவர் தொண்டையை வைத்தே அடைத்திருந்தார்கள். இதை நினைத்துக் கூசிப்போய் அவன் இரண்டு கையையும் சட்டையில் துடைத்துக்கொண்டான்.

அக்கா எழுந்து டிவியை அணைத்தாள். நாற்காலியில் அத்தானின் குறட்டை உச்சிக்குப் போனது. அவர் அசைந்து, இருக்கிற கையால் போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டுக்கொண்டு, தொடர்ந்து தூங்கினார்.

அடுத்த வீட்டு டிவி அணையவில்லை. இரண்டாவது உறுமல் சுவரைத் தாண்டி வந்தது. ஒரு பெண் ‘ஐயோ’ என்று கத்துவதும் கூட இருந்தவர்கள் சிரிப்பதும் கேட்டது. பிறகு யாரோ சத்தத்தை இன்னும் கூட்டி வைத்தார்கள், மூன்றாவதும் வந்தது.